எடை சரியாகத்தான் இருந்தது

மார்ச் 8, சனி

ஜெர்மனிக்கு வந்து ஆறு நாள் ஆகிறது. சபையில் கொடுத்த டைரியை இன்றுதான் பிரித்தேன். பதினெட்டு வருடம் தினமும் விடிவதற்கு முன் விலைப் பதிவேடு எழுதிய கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

இது சிறிய ஊர். லைப்சிக்கிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம். நகராட்சிக் கட்டடத்துக்கு முன்னால் கல் பாவிய திடல் ஒன்று இருக்கிறது. புதனும் சனியும் அங்கே காய்கறிச் சந்தை கூடும். என் மனைவி எப்சிபா ஆஸ்பத்திரியில் இரவு வேலை முடிந்து காலை ஏழரைக்குத்தான் வந்தாள். "சூப்பர் மார்க்கெட் பக்கத்துலயே இருக்கு அத்தான். அங்க போனா யார்ட்டயும் பேச வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டாள். ஒரு உழவர் சந்தையையே நடத்திய உதவி வேளாண் அலுவலரை, பிளாஸ்டிக் உறையில் கட்டி வைத்த கத்தரிக்காய் வாங்கப் போகச் சொல்கிறாள்.

நேராகத் திடலுக்குப் போனேன். மொத்தம் இருபது கடை இருக்கும். உருளை நல்ல தரம். கேரட் குளிர்கிடங்கில் கிடந்த பழைய சரக்கு. ஒரு கடையில் இலையோடு நூல்கோல் இருந்தது. நீல ஏப்ரன் கட்டிய பருத்த பெண்மணி, அறுபது வயதிருக்கும், எடை போட்டுக்கொண்டிருந்தாள். நூல்கோல் ஒன்றை எடுத்து அடிப்பக்கத்தை நகத்தால் அழுத்திப் பார்த்தேன். முற்றலா இளசா என்று வேறு எப்படித் தெரிந்துகொள்வது?

"நிஷ்ட் அன்ஃபாசன்!" என்றாள். கத்தவில்லை, ஆனால் வரிசையில் நின்ற எல்லோருக்கும் கேட்டது. கையை நீட்டி என்னிடமிருந்து காயை வாங்கினாள். அதன் இலைகளை ஒரு திருகு திருகிப் பிய்த்துக் கீழே இருந்த பெட்டியில் போட்டாள். ஒரு வேளைப் பொரியலுக்கு ஆகும் இலை. "நோ, நோ" என்றேன். வேண்டாம் என்கிறேன் என்று நினைத்துக் காயைத் திரும்ப அடுக்கிவிட்டு அடுத்த ஆளைப் பார்த்தாள்.

வெங்காயம் மட்டும் வேறு கடையில் வாங்கி வந்தேன்.

மாலையில் எப்சிபாவிடம் சொன்னேன்.

"தொடாதீங்கன்னு அர்த்தம். இங்க அவங்கதான் எடுத்துத் தருவாவ."

"தொட்டுப் பாக்காம எப்படி வாங்குறது?"

"கேட்டு வாங்குறதுதான்." வெங்காயத்தை எடுத்துப் பார்த்துவிட்டு, "நீங்க காய்க்குக் காசு குடுத்து வாங்குறது இதுதான மொத தடவ?" என்றாள். அவள் சிரிக்கவில்லை.

அது உண்மைதான். ஆனால் யாரும் தப்பாக நினைத்துவிடக் கூடாது என்பதற்காக இங்கே எழுதி வைக்கிறேன். நான் யாரிடமும் கேட்டதில்லை. சந்தையில் அவர்களாகவே பிரியமாகப் பையில் போட்டு மேஜைக்கடியில் வைத்துவிட்டுப் போவார்கள்.

மார்ச் 12, புதன்

மழை. உருளைக்கிழங்கு, முட்டை. அந்த நீல ஏப்ரன் கடைப்பக்கம் போகவில்லை.

மார்ச் 22, சனி

நூல்கோல் கடைக்காரியின் பெயர் கெர்லாக். கடைப் பலகையில் எழுதியிருக்கிறது. இன்று வரிசையில் நின்று, விரலால் காட்டி, தொடாமல் இரண்டு கிலோ உருளை வாங்கினேன். நன்றிக்கு "டாங்கே" என்றேன். என் உச்சரிப்பைக் கேட்டுவிட்டு அவள் வேறு ஏதோ சொன்னாள். புரியவில்லை. ஏளனமாகத்தான் இருக்கும்.

வாங்கி வந்த காய்களைச் சாப்பாட்டு மேஜையில் ரகம் பிரித்து அடுக்கிவிட்டு எப்சிபாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். எழுந்து வந்து பார்த்தாள். "நல்லா இருக்கு" என்றாள். மணி பதினொன்று. எழுந்தது எழுந்தாயிற்று, சமையலை முடித்துவிட்டுப் படு என்றேன். சாம்பார், உருளை வறுவல். காய் வாங்கி வருவதிலேயே பாதி வேலை முடிந்துவிடுகிறது. மீதியைச் செய்ய அவளுக்கு ஒரு மணி நேரம் போதும்.

இரவு கோயம்புத்தூரிலிருந்து ஷெரின் பேசினாள். கல்லூரியில் கடைசி வருடம் படிக்கிற மகள், படிப்பைப் பற்றிப் பேசுவாள் என்று பார்த்தால், "அப்பா, அம்மா நைட் டூட்டி முடிச்சு வந்தா எழுப்பாதீங்க" என்கிறாள். யார் சொல்லிக் கொடுத்தது என்று தெரியவில்லை.

ஏப்ரல் 2, புதன்

மொழி வகுப்பை நிறுத்திவிட்டேன். ஆசிரியைக்கு ஷெரினைவிட நான்கு வயது கூட இருக்கலாம். பக்கத்து நாற்காலியில் ஒரு முடிதிருத்துபவர். எங்கள் இருவரையும் ஒருவருக்கொருவர் விலை கேட்டுப் பேசச் சொன்னாள். ஒரு சந்தைக்கே விலை நிர்ணயித்தவன் நான். தினமும் கரும்பலகையில் நான் எழுதுவதுதான் அன்றைக்கு விலை. எழுதி முடிக்கும்வரை ஒருத்தரும் சாக்கை அவிழ்க்க மாட்டார்கள்.

எப்சிபாவிடம் சொன்னேன். சோபாவில் படுத்துத் தூங்கிவிட்டாள். நான் வந்த நாளிலிருந்து சோபாவில்தான் படுக்கிறாள். ஷிப்ட் மாறி மாறி வருவதால் என் தூக்கம் கெடக் கூடாதாம். அந்த விஷயத்தில் பொறுப்பானவள்.

ஏப்ரல் 19, சனி

நாளை ஈஸ்டர். சந்தையில் நிற்க இடமில்லை. விரல் தடிமனில் வெள்ளைக் குச்சிகளைக் கட்டுக் கட்டாக வைத்திருக்கிறார்கள். ஜனங்கள் அதற்குப் போய் வரிசையில் நிற்கிறார்கள். மண்ணுக்கடியில் வளரும் தண்டாம், இரண்டு மாதம்தான் கிடைக்குமாம். ஒரு கட்டு வாங்கினேன். எப்சிபா புளிக்குழம்பில் போட்டாள். சகிக்கவில்லை.

இன்று எப்சிபாவும் கூட வந்தாள். கெர்லாக் அவளைப் பார்த்ததும் கடையை விட்டு வெளியே வந்து கட்டிக்கொண்டாள். இருவரும் ஜெர்மனில் பேசிச் சிரித்தார்கள். எப்சிபா அவ்வளவு வேகமாகப் பேசுவாள் என்று எனக்குத் தெரியாது. கையை ஆட்டி ஆட்டிப் பேசுகிறாள். நான் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கடைசியில் கெர்லாக் மேஜைக்கடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தாள். உள்ளே நூல்கோல் இலை. எப்சிபாவுக்கென்று எடுத்து வைக்கிறாளாம்.

"உனக்கு எப்படிப் பழக்கம்?"

"அவங்க அப்பா எங்க வார்டுல இருந்தாரு. போன வருசம் எறந்துட்டாரு. அன்னைக்கு நான்தான் டூட்டி."

"காசு கொடுத்தியா இலைக்கு?"

"வாங்க மாட்டேன்னுட்டாவ."

"பாத்தியா. இதைத்தான் நான் ஊர்ல வாங்கினேன். அதுக்கு என்னவெல்லாம் பேசினாங்க."

என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு நடந்தாள்.

மே 10, சனி

எப்சிபாவின் பிறந்தநாள். நாற்பத்தொன்பது. ஸ்ட்ராபெரி வாங்கினேன். மேல் அடுக்கில் சிவப்பு, கீழே வெள்ளையும் பச்சையும். எந்த ஊரிலும் வியாபாரி வியாபாரிதான்.

மே 24, சனி

சுடலைமணி கூப்பிட்டான். என்னிடம் பதினைந்து வருடம் உதவியாளராக இருந்தவன், இன்னும் அதே சந்தையில் இருக்கிறான். புதிய அலுவலர் வந்ததும் விலைப் பலகையை மாற்றி மின்சாரப் பலகை வைத்துவிட்டாராம். "நீங்க போனதுல இருந்து ஒரு சத்தத்தையே காணும் சார்" என்றான். அதற்கு என்ன அர்த்தம் என்று வெகுநேரம் யோசித்தேன்.

நான் வெளியே வந்ததுக்கும் என்மேல் கடைக்காரர்கள் கொடுத்த புகாரின் விசாரணைக்கும் சம்பந்தமில்லை. அது விருப்ப ஓய்வு. மனைவி வெளிநாட்டில் தனியாக இருக்கிறாள், ஒரு ஆண் துணை வேண்டாமா? அதற்காக நாற்காலியை விட்டுவிட்டு வந்தேன். இங்கே காகிதம் நகர இரண்டு வருடம் ஆகிவிட்டது. எப்சிபாவோடு வேலை செய்யும் கேரளத்துப் பெண்ணின் கணவன் ஆறே மாதத்தில் வந்துவிட்டான். ஒவ்வொருவருக்கு ஒவ்வொரு மாதிரி போலிருக்கிறது.

புகார் கொடுத்தவர்களில் ஒருத்தி பேச்சியம்மாள். வெளியில் வாங்கிய கத்தரிக்காயைத் தன் வயலில் விளைந்தது என்று சொல்லி விற்றாள். ஐந்து வருடத்துக்கு முன் அவள் அடையாள அட்டையை ரத்து செய்தேன். உழவர் சந்தையில் சொந்த விளைச்சலை மட்டும்தான் விற்கலாம், விதி என்றால் விதிதான்.

ஜூன் 14, சனி

ஊரிலிருந்து கிளம்பும்போது பெட்டி எடை பார்க்க வாங்கிய கொக்கித் தராசு அலமாரியில் கிடந்தது. இன்று சந்தையிலிருந்து வந்ததும் உருளைப் பையை அதில் மாட்டினேன். இரண்டு கிலோவுக்குக் காசு கொடுத்திருக்கிறேன். காட்டியது ஆயிரத்து எண்ணூற்று நாற்பது கிராம்.

ஜூன் 18, புதன்

பட்டாணி ஒரு கிலோ. என் தராசில் தொள்ளாயிரத்து இருபது.

ஜூன் 28, சனி

கேரட் ஒரு கிலோ. தொள்ளாயிரத்து இருபது. மூன்று தடவையும் கெர்லாக் கடை. ஒரே அளவில் குறைகிறது. கைத்தவறு இப்படி இருக்காது. பதினெட்டு வருட அனுபவம் சொல்கிறது.

எப்சிபாவிடம் சொன்னேன். "அந்தக்கா அப்படிச் செய்யாது. உங்க தராச சரியா பாருங்க" என்றாள். புருஷன் பேச்சைவிடக் காய்க்காரி பெரிதாகிவிட்டாள்.

ஜூலை 12, சனி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பத்து மணிக்குச் சந்தை நிரம்பியிருந்தது. கெர்லாக்கிடம் ஒரு கிலோ செர்ரி வாங்கினேன். காசைக் கொடுத்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து கொக்கித் தராசை எடுத்து, அங்கேயே எல்லோருக்கும் தெரியும்படி உயர்த்திப் பிடித்துப் பையை மாட்டினேன். தொள்ளாயிரத்து இருபது. ஒரு வாரமாகப் பழகி வைத்திருந்த சொல்லைச் சத்தமாகச் சொன்னேன். "பெட்ரூக்!" ஏமாற்று. அவளுக்குப் புரிந்தது. முகம் சிவந்தது. வரிசை அப்படியே நின்றது. நான் மறுபடி சொன்னேன். இங்கிலீஷிலும் சொன்னேன். உண்மையைச் சொன்னால் வெகு நாளைக்குப் பிறகு என் குரல் எனக்கே கேட்டது. நன்றாகத்தான் இருந்தது.

யாரோ சந்தைக் கண்காணிப்பாளரைக் கூட்டி வந்தார்கள். என் வயதுதான் இருக்கும். நரைத்த மீசை, கையில் சின்ன மரப்பெட்டி. அதைத் திறந்தார். வெல்வெட் பள்ளத்தில் முத்திரை போட்ட எடைக்கற்கள். எனக்கு அந்தப் பெட்டி தெரியும். என் மேஜையிலும் ஒன்று இருந்தது. ஒரு கிலோ கல்லை எடுத்து கெர்லாக்கின் தராசில் வைத்தார். எண் ஒன்றில் நின்றது. அரைக் கிலோ வைத்தார். சரியாக நின்றது. பிறகு என்னிடம் தலையசைத்து அனுமதி கேட்டுவிட்டு, அதே ஒரு கிலோ கல்லைத் துணிப்பையில் போட்டு என் கொக்கியில் மாட்டினார்.

தொள்ளாயிரத்து இருபது.

ஒருத்தரும் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம்.

கண்காணிப்பாளர் மெதுவாக ஏதோ விளக்கினார். எனக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. கெர்லாக் ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். "ஸ்வெஸ்டர் எப்ஸி" என்று சொன்னது மட்டும் காதில் விழுந்தது. ஸ்வெஸ்டர் என்றால் நர்ஸ்.

இரவு வேலை முடிந்து படுத்தவள் கால் மணி நேரத்தில் வந்தாள். வீட்டில் போடும் சுடிதார் மேல் கோட்டு, வாராத தலை. அவர்கள் பேசுவதைக் கேட்டாள். கெர்லாக்கின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு நெடுநேரம் ஏதோ சொன்னாள். மன்னிப்பு என்ற சொல் எனக்குத் தெரியும். ஆறு தடவை வந்தது.

கண்காணிப்பாளர் கிளம்பும்போது கெர்லாக் ஒரு கை செர்ரியை அள்ளி அவரிடம் நீட்டினாள். அவர் தலையசைத்து மறுத்தார். பிறகு பர்ஸைத் திறந்து சில்லறை கொடுத்து, கால் கிலோ வாங்கிக்கொண்டு போனார். பிழைக்கத் தெரியாத மனிதர்.

ஜூலை 13, ஞாயிறு

இன்று காலை எப்சிபா டீயைக் கொண்டுவந்து என் எதிரில் உட்கார்ந்தாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் பதில் வைத்திருந்தேன்.

"பேச்சியம்மாள ஞாபகம் இருக்கா அத்தான்?"

எதற்கு அவள் பேச்சு என்றேன்.

"கார்ட நீங்க பறிச்ச பொறவு அந்தக்கா எங்க ஆஸ்பத்திரி வாசல்ல சாக்க விரிச்சு உக்காந்துச்சு. எனக்கு அப்போ அது யாருன்னு தெரியாது. டூட்டி முடிச்சு வரும்போது தெனமும் அதுகிட்டதான் வாங்குவேன். சந்தையில ஒரு ஆபீசரு பொழப்புல மண்ணள்ளிப் போட்டான்னு சொல்லும். அவன் வெளங்க மாட்டாம்னு சொல்லும். நானும் ஆமாக்கா, வெளங்க மாட்டாம்னு சொல்லுவேன்."

டீ ஆறிக்கொண்டிருந்தது. நான் எடுக்கவில்லை.

"ஒரு நா மழைன்னு நீங்க பைக்குல கூப்பிட வந்திய. ஹெல்மெட்ட கழட்டினிய. அந்தக்கா உங்களப் பாத்துச்சு. பொறவு என்னப் பாத்துச்சு. எனக்குன்னு எடுத்து வச்ச கீரைக்கட்டு அது கையில இருந்துச்சு. அதத் திரும்ப சாக்குல வச்சிடுச்சு."

"நீ அப்பவே என்கிட்ட கேட்டிருக்கலாமே. விதிப்படி..."

"மறுநா நான் போயி நின்னேன். உங்களுக்கு விக்கதுக்கு இல்ல சிஸ்டர்னு சொல்லிச்சு. கோவமாக்கூட சொல்லல அத்தான். நின்னு அழுதிருந்தாக்கூட தாங்கியிருப்பேன்." கோப்பையைச் சுற்றிக்கொண்டே இருந்தாள். "அந்த வாரந்தான் நான் ஜெர்மன் கிளாஸ்ல சேந்தேன்."

"சம்பளத்துக்குத்தானே வந்த?"

"அப்படித்தான் எல்லார்ட்டயும் சொன்னேன்."

"அப்போ விசா லேட்டானது?"

"நான் பேப்பர் போடல. ரெண்டு வருசம் போடல. பொறவு ஷெரின் கேட்டுட்டே இருந்தா, நீங்களும் வேலைய விட்டுட்டிய. போட்டேன்."

எழுந்து போய்க் குளித்தாள். மதியம் தயிர்சாதம். வெயில் நன்றாக அடித்தது.

ஜூலை 16, புதன்

மருத்துவமனைக் குடியிருப்பில் அறை காலியாம். ஒரு மாதம் அங்கே தங்கிப் பார்க்கிறாளாம். நடந்து போகிற தூரம். வேலைக்கு வசதிதான். ஒரு பெட்டியும் இஸ்திரிப் பெட்டியும் எடுத்துப் போனாள்.

ஜூலை 30, புதன்

சூப்பர் மார்க்கெட். யாரும் பேசவில்லை. உறையில் கட்டிய கத்தரிக்காய்.

ஆகஸ்ட் 16, சனி

ஒரு மாதம் முடிந்துவிட்டது. அறையை நீட்டித்திருக்கிறாள். டூட்டி அதிகம்.

சாம்பார் வைத்தேன். பருப்பு வேகவில்லை. மறுபடி வேக வைத்தேன், அடிப்பிடித்துவிட்டது. காய் வாங்குவதற்கும் தட்டில் விழுவதற்கும் நடுவில் இவ்வளவு வேலை இருப்பது தெரியாது. நறுக்கி, கழுவி, தாளித்து, பாத்திரம் தேய்த்து முடிக்கையில் மணி மூன்று. உட்கார்ந்ததும் தூங்கிவிட்டேன். நான் முந்தின நாள் இரவு வேலைக்குப் போகாதவன்.

செப்டம்பர் 6, சனி

ஷெரின் போனில் அழுதாள். "அம்மா உங்களப் பத்தி ஒண்ணுமே சொல்லலப்பா. அதான் பயமா இருக்கு."

செப்டம்பர் 17, புதன்

ஒன்பது வாரத்துக்குப் பிறகு சந்தைக்குப் போனேன். பரங்கிக்காய்கள் வந்துவிட்டன. ஆப்பிளும் பிளம்ஸும் மலையாகக் குவிந்திருக்கின்றன. கெர்லாக் கடையில் ஆள் குறையும்வரை திடல் ஓரத்துக் கிணற்றடிப் பக்கம் நின்றேன். பிறகு போய், எழுதி மனப்பாடம் செய்த வாக்கியத்தைச் சொன்னேன். நான் தவறு செய்தேன், என் தராசுதான் தவறு, மன்னிக்கவும்.

முழுவதும் கேட்டாள். தலையை அசைத்தாள். "பிட்டே?" என்றாள். பரவாயில்லை என்பதற்கும் அடுத்து என்ன வேண்டும் என்பதற்கும் இங்கே அதே சொல்தான். மன்னித்தாளா, வியாபாரத்தைப் பார்த்தாளா என்று தெரியவில்லை. அரைக் கிலோ பீன்ஸ் கேட்டேன். எடை போட்டுக் கொடுத்தாள். எல்லோருக்கும் கொடுப்பதுபோல.

செப்டம்பர் 24, புதன்

எழுதாமல் விட்ட ஒன்றை எழுத வேண்டும்.

பேச்சியம்மாளின் கத்தரி அவள் வயலில் விளைந்ததுதான். 'நேரில் பார்வையிட்டதில் மேற்படி நிலத்தில் கத்தரிப் பயிர் இல்லை' என்று அறிக்கை எழுதினேன். நான் பார்வையிடவில்லை. நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. அவள் ஊருக்கு எந்தப் பக்கம் பஸ் போகும் என்றுகூட எனக்குத் தெரியாது.

அதற்கு நான்கு நாள் முன்பு அவள் கடையில் நின்று கத்தரிக்காயைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டிருந்தேன். நான்தான் பொறுக்கினேன், அவள் போடவில்லை. "கைய எடுங்க சார். எட போட்டுத் தாரேன், காசு குடுத்துட்டு எடுத்துட்டுப் போங்க" என்றாள். சத்தம் போடவில்லை. பக்கத்தில் இரண்டு கடைக்காரர்கள் நின்றிருந்தார்கள். அவர்கள் குனிந்துகொண்டார்கள். அவ்வளவுதான் நடந்தது.

ஒரு கிலோகூட இருக்காது.

அக்டோபர் 1, புதன்

சுடலைமணியைக் கூப்பிட்டேன். பேச்சியம்மாளின் அட்டையைத் திரும்பக் கொடுக்க வழியுண்டா என்று கேட்டேன். என் அறிக்கை தவறு என்று கையெழுத்துப் போட்டு அனுப்பத் தயார் என்றேன்.

"எந்தப் பேச்சி சார்?"

"கத்தரிக்காய். ஐந்து வருஷத்துக்கு முன்னால ரத்து பண்ணினோமே."

"அந்த ஒரு வருசத்துல மட்டும் பதினோரு கார்டு ரத்து பண்ணினிய சார். எல்லாம் ஒரே மாதிரி ரிப்போர்ட்டு. ஊரு பேரையும் காயி பேரையும் மாத்தி மாத்தி நான்தான டைப் அடிச்சேன்."

"பதினொண்ணா?"

"பதினொண்ணு. புது சார் வந்து நாலு பேருக்குத் திரும்பக் குடுத்துட்டாவ. மத்தவங்க கேட்டு வரல. ஒரு பேச்சி திருப்பூருக்குப் போயிட்டுன்னு சொன்னாவ. அது உங்க பேச்சியான்னு தெரியல." பிறகு, "இப்ப எதுக்கு சார் இதெல்லாம்? ஒடம்புக்கு ஒண்ணும் இல்லையே?" என்றான்.

அக்டோபர் 4, சனி

எப்சிபா குளிர்காலக் கோட்டை எடுக்க வந்தாள். வரும் வழியில் சந்தையில் வாங்கியிருக்கிறாள். பையில் முட்டைக்கோசும் வெங்காயமும் நூல்கோல் இலையும். மெலிந்திருக்கிறாள். ஆனால் முகம் தெளிவாக இருக்கிறது. அடுப்படியைச் சுற்றிப் பார்த்தாள். கழுவிக் கவிழ்த்திய பாத்திரங்களைப் பார்த்தாள். "நீங்களா?" என்றாள். கோட்டை நாற்காலியில் போட்டுவிட்டு, "இருந்து சமைச்சிட்டுப் போறேன்" என்று வெங்காயம் நறுக்க ஆரம்பித்தாள். ரெண்டு பேருக்கா என்று நான் கேட்கவில்லை. ரெண்டு பேருக்குத்தான்.

"கெர்லாக் அக்கா சொல்லிச்சு. மன்னிப்பு கேட்டியளாம். கிராமர் தப்பாம், ஆனா புரிஞ்சுதாம்." சொல்லும்போது உதட்டோரத்தில் கொஞ்சம் சிரிப்பு இருந்தது. அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் நான் வாயைத் திறந்தேன். இன்னும் கொஞ்சம் கிடைக்கும் என்ற ஆசை.

"சுடலைமணிகிட்ட பேசினேன். பேச்சியம்மாளுக்குக் கார்டு திரும்பக் கொடுக்க முடியுமான்னு."

கத்தி நின்றது. என் பக்கம் திரும்பினாள். ஐந்து வருடத்தில் அப்படி என்னைப் பார்த்ததில்லை. "நெசமாவா? என்ன சொன்னாரு?"

பார்க்கிறேன் என்றான் என்று சொல்லியிருக்கலாம். முயற்சி நடக்கிறது என்று சொல்லியிருக்கலாம். அலுவலகத்தில் அப்படி ஆயிரம் பதில் சொன்னவன் நான். ஆனால் அவள் பார்த்த பார்வைக்கு அந்தப் பதில் வாயில் வரவில்லை.

"எந்தப் பேச்சின்னு கேட்டான். அந்த வருஷம் பதினொரு கார்டு ரத்து பண்ணியிருக்கேன்னு சொன்னான். எனக்கே ஞாபகம் இல்லை, எப்சி."

"பதினொண்ணா."

"ஆமா."

"எல்லாம் இதே மாதிரியா?"

நான் மேஜையில் கிடந்த வெங்காயத் தோலைப் பொறுக்கினேன். அவள் கத்தியைப் பலகையில் வைத்தாள். குழாயைத் திறந்து கையைக் கழுவினாள், சோப்புப் போட்டு, மருத்துவமனையில் கழுவுவதுபோல முழங்கைவரை. வெங்காயம் நறுக்கியதால் கண் ஏற்கெனவே கலங்கித்தான் இருந்தது.

"நான் ஒண்ணுன்னுல்லா நெனச்சிட்டு இருந்தேன்" என்றாள். "ஒண்ண எப்படியாவது மன்னிச்சிரணும்னு அஞ்சு வருசமா ஜெபத்துல முட்டி போட்டுட்டு இருக்கேன் அத்தான்."

கோட்டை மாட்டினாள். பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டாள். ஷெரினிடம் நானே பேசிக்கொள்கிறேன் என்றாள். கதவு சாத்துகிற சத்தம்கூடப் பெரிதாகக் கேட்கவில்லை.

மீதி வெங்காயத்தை நறுக்கி, அந்த இலையைப் பொரியல் செய்து சாப்பிட்டேன். பிறகு டைரியை எடுத்துப் பதினொரு பேர்களையும் எழுத உட்கார்ந்தேன். பேச்சியம்மாள். வள்ளிநாயகம். முத்துக்குட்டி. செபஸ்தியாள். அதற்கு மேல் பெயர் வரவில்லை. முகமும் வரவில்லை. இருட்டும்வரை யோசித்தேன். மற்ற ஏழு பேரிடமும் எனக்கு நினைவிருப்பது காய்தான். நல்ல நாட்டு முருங்கை. பிஞ்சுப் புடலை. வெண்டை, ஒடித்தால் நார் இருக்காது. அவரை. சுரைக்காய். சேம்பு. கடைசி ஆள் கொண்டுவருவது பாகற்காய், சின்ன ரகம். எப்சிபாவுக்கு அது ரொம்பப் பிடிக்கும்.